தேதியில் வந்த திதி

எங்கள் குடியிருப்பில் தேசபக்திக்கு ஒரு மணி நேரம்தான் ஆயுள். கொடியேற்றம், இரண்டு பாட்டு, பிள்ளைகளுக்கு வினாடி வினா, பிறகு இட்லியும் கேசரியும். கேசரி வந்துவிட்டால் கொடிக்கம்பத்துப் பக்கம் ஒரு ஈ காக்கை இருக்காது. சரவணம்பட்டியைச் சுற்றி முளைத்திருக்கிற அத்தனை குடியிருப்புகளிலும் இதே கதைதான் என்று கேள்வி. எங்கள் சங்கச் செயலாளர் மோகன்குமாருக்கு மட்டும் அது வருடம் முழுவதும் தீராத வேலை. எந்த வீட்டுப் பால்கனியில் கொடி இல்லையோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். போன வருடம் என் வீட்டுப் படம் வந்தது. நான் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினேன். என் மனைவி மோகன்குமாரிடம் சொல்லித் திரும்பச் சேர்த்துவிட்டாள்.

இந்த வருடம் யார் கொடியேற்றுவது என்ற பேச்சு வந்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. டில்லியில் செங்கோட்டையில் ஏற்றுகிறார்கள், இங்கே செங்கோட்டையனே ஏற்றட்டும் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டார். எல்லாரும் கட்டைவிரல் தூக்கினார்கள்.

செங்கோட்டையன் என் எதிர்வீட்டுக்காரர். எழுபத்தைந்து வயது. சென்னிமலைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் பிறந்து, பள்ளிப் படிப்போடு கோயமுத்தூருக்கு வந்து, கணபதியில் ஒரு பட்டறையில் லேத் பிடித்தவர். பிறகு சொந்தப் பட்டறை போட்டு பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து மகன் தனபாலை இன்ஜினியராக்கினார். முழங்கால் போனதும் பட்டறையை விற்றுவிட்டு மகன் வாங்கிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது, அது லேத்துக்குப் போனது. கடன் கேட்காத, புறம் பேசாத, லிஃப்டில் அடுத்தவரை முதலில் ஏறச் சொல்லுகிற மனிதர். பெருமை ஒன்றுதான் கொஞ்சம் கூடுதல். அந்தப் பெருமைக்குக் காரணம் ஒரு கதை. அப்பனைத் திருத்தின கதை. குடியிருப்பில் அதைக் கேட்காதவர் கிடையாது.

அவருடைய அப்பா நாச்சிமுத்து, காங்கேயம் பக்கத்துக்காரர். சின்ன வயதில் அண்ணனோடு மலாயாவுக்குப் போனவர், சண்டையெல்லாம் ஓய்ந்தபின் தனியாகத் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் தாய் தகப்பன் இல்லை, நிலமும் கைமாறிப் போயிருந்தது. கருப்பாத்தாளைக் கட்டிக்கொண்டு மாமனார் ஊரிலேயே தங்கிவிட்டார். பட்டாளத்தில் இருந்தவர் என்பது மட்டும் அந்த ஊருக்குத் தெரியும். எந்தப் பட்டாளம் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பட்டாளம் என்றால் வெள்ளைக்காரன் பட்டாளம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

மனிதரிடம் ஒரு விநோதம் இருந்தது. ஆகஸ்ட் பதினைந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடப்பார். மகனையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடியேற்ற அனுப்பமாட்டார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆரஞ்சு மிட்டாய் சப்பிக்கொண்டு திரியும்போது அந்த ஒரு வீடு மட்டும் இழவு வீடாகக் கிடக்கும். கேட்டவர்களுக்குக் கருப்பாத்தாள் ஒரு பதில் வைத்திருந்தாள். மலாயாவில் செத்துப்போன மூத்தவருக்குத் திதி என்பாள்.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், கருப்பாத்தாள் கெட்டிக்காரியும் அல்ல. திதி என்பது நிலாக்கணக்கு. ஒரு வருடம் ஆடி முடிவில் வந்தது மறு வருடம் எங்கோ போய்விடும். செத்த நாளே தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுப்பதுதான் வழக்கம். வருடம் தவறாமல் இங்கிலீஷ் தேதியில் வந்து நிற்கிற திதியை எந்த ஊரில் பார்க்க முடியும்? கிணற்றடியில் பெண்கள் பிடித்துவிட்டார்கள். உங்கள் வீட்டுத் திதி மட்டும் காலண்டர் பார்த்து வருகிறதா அக்கா என்று கேட்டுச் சிரித்தார்கள். பெண்கள் சிரித்ததைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பையன் அழுதுகொண்டு வந்து அப்பாவிடமே கேட்டான்.

நாச்சிமுத்து அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாக வாய் திறந்தார். "நாங்க தோத்த நாள் கண்ணு அது. செங்கோட்டைக்குப் போறதா இருந்தோம், போகல. அதான் உனக்குப் பேரா வெச்சேன்."

பையன் இதை மனதில் போட்டுப் புரட்டினான். ஆகஸ்ட் பதினைந்தில் தோற்றவன் யார்? வெள்ளைக்காரன். அப்பா நாங்கள் தோற்றோம் என்கிறார். அப்படியானால் அப்பா யார் ஆள்? பட்டாளம், டில்லிக் கோட்டை, பட்டினி, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன வேண்டும்?

பத்தாம் வகுப்பில் சுதந்திர தினப் பேச்சுப்போட்டி வந்தது. அம்மாவிடம் கெஞ்சி, அப்பா கதவைச் சாத்துவதற்கு முன்பே வெளியேறி ஓடினார் செங்கோட்டையன். வாத்தியார் எழுதிக் கொடுத்த பேச்சை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். கடைசியில் வாத்தியார் எழுதாத ஒன்றைச் சேர்த்தார். வெள்ளையனுக்காகத் துப்பாக்கி தூக்கிய கை இந்த மண்ணில் இன்னும் இருக்கிறது, அவன் தோற்ற நாளுக்காக இன்றும் பட்டினி கிடக்கும் வயிறு இருக்கிறது, அதைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம், அது என் வீட்டில்தான் இருக்கிறது என்றார். கைதட்டல் ஓயவில்லை. முதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொழுது சாய்வதற்குள் அவர்கள் வீட்டுக்கு 'வெள்ளைக்காரன் ஊடு' என்று பேர் விழுந்துவிட்டது.

அடுத்த வருடம் நாச்சிமுத்து கொடியேற்றத்துக்கு வந்தார். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். கொடிக்குக் கும்பிடு போட்டார். கொடுத்த மிட்டாயை எல்லாரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டார். சாகும்வரை அதன்பிறகு ஒரு வருடமும் தவறவில்லை, பட்டினியும் கிடக்கவில்லை.

"ஒரே பேச்சுங்க, எங்கய்யனத் திருத்திப்போட்டேன்" என்று செங்கோட்டையன் கதையை முடிப்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் பலமுறை சிரித்திருக்கிறேன்.

இந்த ஆகஸ்ட் பதினைந்து காலை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கொடி குத்திக்கொண்டு முதல் ஆளாக அவர் கீழே வந்து நின்றார். மருமகள் புவனா படம் எடுத்தாள். கயிறு சிக்காமல் கொடி மேலே போய்ப் பறந்தது. மோகன்குமார் செங்கோட்டை நகைச்சுவையை மைக்கில் இன்னொரு தரம் சொன்னார். பிறகு வினாடி வினா. சுதந்திரத்துக்கு ஆகஸ்ட் பதினைந்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கேள்வி. நல்ல நாள் பார்த்துத்தான் என்று முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்காமலே சொன்னார். மூன்றாவது மாடி இல்யாஸின் மகள் ரம்ஷா, எட்டாவது படிப்பவள், எழுந்து நின்று பதில் சொன்னாள். நல்ல நாள் எல்லாம் பார்க்கவில்லை, 1945-இல் ஜப்பான் சரணடைந்த நாள் அது, அந்தப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர்தான் பின்னால் கடைசி வைஸ்ராயாக வந்தார், தேதி கேட்டபோது தன் வெற்றியின் இரண்டாவது ஆண்டு நாளையே சொல்லிவிட்டார் என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். மோகன்குமார் பேனாவைப் பரிசாகக் கொடுத்தார். கேசரியில் உப்பைக் கடித்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

செங்கோட்டையன் கேசரிப் பக்கம் போகவில்லை. நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கதவைத் தட்டினார். நான் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தப் பிள்ளை சொன்னது நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம், வாத்தியார் வாய் இருக்குமா? அதற்கு முன் 1930-இலிருந்து ஜனவரி இருபத்தாறைத்தான் நாமே சுதந்திர நாள் என்று கொண்டாடிவந்தோம், நாம் வைத்த நாள் ஒதுங்கிப்போய் அவன் வைத்த நாள் நிலைத்துவிட்டது, பிற்பாடு நம் நாளுக்குக் குடியரசு தினம் என்று வேறு வேலை கொடுத்தார்கள் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"அப்ப அன்னைக்குத் தோத்தது ஆருங்க?" என்றார்.

ஜப்பான்காரன் என்றேன். அவனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற நம் ஆட்களும்தான், இந்திய தேசிய ராணுவம், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களே ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள் என்றேன். எப்படியாவது டில்லிக்குப் போய்ச் செங்கோட்டையில் அணிவகுத்து நிற்பது என்பதுதான் அவர்களுடைய… என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். அவருடைய கதையை அத்தனை முறை கேட்டு, அத்தனை முறை சிரித்தவன் நான். மலாயாவும் செங்கோட்டையும் தோற்ற நாளும் ஒரே கதையில் வந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. படித்ததெல்லாம் விளக்குமாற்றுக்குக் கட்டிய பட்டுக்குஞ்சம்தான்.

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு அம்மாவின் தங்கை பழனியாத்தாள் இன்னும் ஊரில் இருக்கிறாள் என்றும், என்னால் காரை எடுக்க முடியுமா என்றும் கேட்டார். தனபாலிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

பெருந்துறைவரை அவர் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு வந்தார். மலாயாவில் வெள்ளைக்காரனுக்கும் பட்டாளம் இருந்ததல்லவா, அவர்கள் ஜப்பான்காரனிடம் தோற்றார்கள் அல்லவா, அப்பா அதில் இருந்திருக்கலாம் அல்லவா என்றார். அவர்கள் தோற்றது பிப்ரவரியில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களை முந்திப்போன பைக்குகளில் எல்லாம் கொடி படபடத்தது.

"எங்கய்யன் வெள்ளைக்காரன் பட்டாளமாவே இருந்துட்டாத் தேவலைங்க," என்றார். "இல்லாட்டி நான் பேசுன பேச்சுக்கு என்னங்க அர்த்தம்?"

பழனியாத்தாளுக்குத் தொண்ணூறு இருக்கும். டில்லிக் கொடியேற்றத்தை டிவியில் மறுபடி போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் குடும்பம் தோட்டத்துக்குப் போயிருந்தது. செங்கோட்டையன் சுற்றி வளைக்காமல் கேட்டார். அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சந்தைக்குப் போய்வந்த சங்கதியைச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னாள்.

அண்ணன் தம்பி இருவரும் மலாயாவில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தார்கள். ஜப்பான்காரன் வந்தான். சயாமில் தண்டவாளம் போட ஆள் வேண்டும் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் அண்ணனும் ஒருவர். அதோடு சரி, செத்த சேதிகூட வரவில்லை. அடுத்த லாரியில் ஏறாமல் தப்பிக்கத்தான் தம்பி அந்த ராணுவத்தில் பேர் கொடுத்தார். உயிருக்குப் பயந்து போனவருக்குப் போகப்போக மனசும் ஒட்டிக்கொண்டது. செங்கோட்டை, செங்கோட்டை என்றே இருந்தார்கள். ஒருநாள் எல்லாம் முடிந்தது, துப்பாக்கியைக் கீழே வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சண்டையில் ஒரு வெள்ளைக்காரனை நேருக்கு நேர் பார்க்காமலே தோற்றுப்போய் ஊர் திரும்பினார். திரும்பிய கொஞ்ச நாளில் அதே தேதியை நாடே திருநாளாக்கிவிட்டது. வெள்ளைக்காரன் எங்கள் இழவு நாளைப் பார்த்து உங்களுக்குக் கல்யாண நாள் குறித்துக் கொடுத்துவிட்டான் என்று கருப்பாத்தாளிடம் ஒருமுறை சொன்னாராம்.

வெளியே எப்படிச் சொல்வார்? அண்ணனைத் தின்றவனோடு சேர்ந்து நின்று, அவனோடு சேர்ந்தே தோற்றவர். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். அண்ணன் செத்த நாள் தெரியாது, அமாவாசைக்குக் கொடுக்கலாம் என்று கருப்பாத்தாள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எல்லாம் போன நாள் அதுதான், அண்ணனுக்கும் அதுவே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஊர் சிரித்த அந்தத் திதி புளுகு இல்லை, தேதியில் வந்தாலும் திதிதான்.

செங்கோட்டையன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க சின்னம்மா?"

"நீ எங்க கண்ணு கேட்டே," என்றாள் பழனியாத்தாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "நீ மேடையேறிச் சொல்லத்தான செஞ்சே."

அதற்குப் பிறகு அவள் சொன்னதைக் கேட்காமல் எழுந்து வந்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. பேச்சுப்போட்டிக்குப் பிறகு நாச்சிமுத்து மகனை ஒரு சொல் திட்டவில்லை. நாளைக்கு நாலு இடத்துக்கு வேலைக்குப் போகிற பையன், துரோகி மகன் என்ற பேரோடு எங்கே போய் நிற்பான் என்று மட்டும் மனைவியிடம் கேட்டாராம். மறு வருடம் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு போனார். சரி, இனியாவது மூத்தவருக்கு அமாவாசையில் ஒரு பிடி சோறு வையுங்கள் என்று கருப்பாத்தாள் அழுதிருக்கிறாள். அவனுக்கு இருந்த ஒரு நாளையும் மிட்டாய்க்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், எந்த முகத்தோடு அவனைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். அதன்பிறகு அந்த அண்ணனுக்கு நாள் என்று ஒன்று இல்லவே இல்லை.

செங்கோட்டையன் மேல்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எழுபத்தைந்து வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பழனியாத்தாள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடித்ததும் அவர் ஒரு முடிவோடு நிமிர்ந்தார். வருகிற அமாவாசையில் பவானி கூடுதுறைக்குப் போய்ப் பெரியப்பாவுக்குத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வருடா வருடம் கொடுப்பேன், நான் போனபின் தனபால் கொடுப்பான் என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

"பெரியப்பா பேரென்னங்க சின்னம்மா?"

பழனியாத்தாள் டிவியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "உங்கய்யன் அண்ணன் அண்ணன்னுதான் சாமி சொல்லுவாரு. எங்கக்காளும் மூத்தவருன்னுதான் சொல்லும். பேரு ஒருக்காலும் ஆரும் சொன்னதில்லையே."

அங்கிருந்து காங்கேயம் பக்கம் நாச்சிமுத்து பிறந்த ஊருக்குப் போனோம். அவர்கள் வீடு இருந்ததாகப் பழனியாத்தாள் சொன்ன இடத்தில் தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் களம் இருந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் கிராம சபை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வயதான ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்டோம். இரண்டு பேரைக் கூட்டிவந்தார்கள். மலாயா போன அண்ணன் தம்பியா, எங்கள் ஊரிலிருந்தா என்று அவர்கள் எங்களைத் திருப்பிக் கேட்டார்கள். அதில் ஒருவர், சுதந்திர தினம் அதுவுமாக வந்திருக்கிறீர்கள், இருந்து மிட்டாய் எடுத்துக்கொண்டு போங்கள் என்று தட்டை நீட்டினார். செங்கோட்டையன் கைகூப்பிவிட்டுக் காருக்கு வந்துவிட்டார்.

திரும்பும் வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பேரைச் சொல்லித்தானே எள்ளும் தண்ணீரும் விட வேண்டும், பேரில்லாமல் விட்டால் யாருக்குப் போகும் என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பேர் தெரியாதவர்கள், கேட்க நாதியற்றுச் செத்தவர்கள், அவர்களுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு கை எள்ளுத் தண்ணீர் விடுகிற வழக்கம் உண்டு, அதில் உங்கள் பெரியப்பாவும் வந்துவிடுவார் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அது ஆருமே இல்லாதவிங்களுக்குங்க. அவருக்குத் தம்பி இருந்தாருங்க. தம்பி மகன் நானும் இருந்தேனுங்க."